அபாய மணி அமரச் சொல்கிறது

இந்த உலகத்தில் இயந்திரங்களைப் பற்றி யோசிக்க வேண்டியதை எல்லாம் பெரியப்பா யோசித்து முடித்துவிட்டார். இனி யோசிக்க மிச்சம் எதுவும் இல்லை. வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியிருக்கும். பெரியப்பாவே சொன்னதால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. வேலைக்குப் புதிதாக வந்தவர்களை முதல் நாள் காலையில் வரிசையாக உட்கார வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவர் பேசினார்.

"நீங்க இங்க யோசிக்க வரலை. வாங்கிக்க வந்திருக்கீங்க. நான் எழுதி வச்சிருக்கேன். நீங்க வாங்கிக்கிட்டுப் போயிட்டே இருங்க. அப்பன் வீடு கட்டி வச்சிருக்கும்போது பிள்ளை எதுக்குச் செங்கல் சுமக்கணும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி நாற்காலியில் இருந்த பெண்ணும் கைதட்டினாள். அவள் பெயரை யாரும் கேட்கவில்லை. அன்று மத்தியானத்துக்குள் அவளுக்குப் "புதுசு" என்று பெயர் ஆகிவிட்டது. அடுத்த புதுசு வரும்வரை அந்தப் பெயரை அவள்தான் கட்டிக் காப்பாற்ற வேண்டும்.

அது இயந்திரங்களுக்குப் புத்தி எழுதிக் கொடுக்கும் அலுவலகம். லிஃப்ட், தானாகத் திறக்கும் கதவு, துணி துவைக்கும் இயந்திரம் எதுவானாலும், அது எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணினி மொழியில் எழுதித் தருவார்கள். ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் ஒரு கிளாஸ் உண்டு. இந்த வகையைச் சேர்ந்தவர் இன்னின்ன வேலை செய்வார் என்று எழுதி வைத்த வார்ப்புதான் கிளாஸ். அதில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் மெத்தட் என்று பெயர். எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுதினால் கை ஒடிந்துவிடும் என்பதால், ஒரு கிளாஸை அப்பனாக வைத்துக்கொண்டு இன்னொன்றை அதன் பிள்ளையாக அறிவிக்கலாம். அறிவித்த நிமிடமே அப்பனிடம் இருக்கும் மெத்தட் எல்லாம் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடும். வழக்கு இல்லை, பாகப்பிரிவினை இல்லை, பத்திரச் செலவு இல்லை. மனிதர்களுக்கு வாய்க்காத வசதி.

அந்த அலுவலகத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அப்பன்தான். அதன் பெயர் "இயந்திரம்". எழுதியவர் பெரியப்பா. நியாயமாகப் பார்த்தால் அவரை அப்பா என்றே கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் முதலாளிக்கு என்றாவது அந்தப் பெயர் தேவைப்படலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

புதுசுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு நர்சரிப் பள்ளிக்கான அபாய மணி. புகை வந்தால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பள்ளியில்தான் அவளுடைய அக்கா சின்னக் குழந்தைகளுக்கு டீச்சர். முதல் வேலையே அக்கா பள்ளிக்கு என்றதும் புதுசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நர்சரிமணி, இயந்திரத்தின் பிள்ளை" என்று ஒரு வரி எழுதினாள். அப்பனிடமிருந்து எல்லாம் வந்து இறங்கிவிட்டது. மாதிரி மணியை மேஜைமேல் வைத்து, ஒரு தட்டில் காகிதத்தைக் கொளுத்தினாள்.

புகை எழுந்தது. மணி தொண்டையைக் கனைத்தது.

"வணக்கம்," என்றது பெரியப்பாவின் குரலில். "எங்கள் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தயவுசெய்து அமருங்கள். உங்கள் முறை வரும்போது அழைக்கப்படுவீர்கள்."

பிறகு மெல்லிசை வந்தது. புல்லாங்குழல். காகிதம் எரிந்து, சாம்பலாகி, சாம்பலும் ஆறிப்போன பிறகு மணி அடித்தது.

புதுசு பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அங்கே இருந்தவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். லிஃப்டுக்கு எழுதி எழுதியே அவர் தலை நரைத்திருந்தது.

"அண்ணா, அலாரம் உட்காரச் சொல்லுது."

"எல்லாமே சொல்லும்மா," என்றார் அவர், திரும்பாமலே. "என் லிஃப்ட் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கு."

"லிஃப்ட்ல எங்க உட்கார்றது?"

"அதைத்தான் ஜனங்களும் கேட்டாங்க. கேட்டுக் கேட்டு ஓஞ்சுபோய், அவங்களே உள்ள ஸ்டூல் போட்டுக்கிட்டாங்க. இப்ப நம்ம ஆளுங்க லிஃப்டோட ஸ்டூலையும் சேர்த்தே விக்கிறாங்க."

விஷயம் இதுதான். பெரியப்பா முதன்முதலில் எழுதியது ஒரு காத்திருப்பு அறையில் டோக்கன் கொடுக்கும் இயந்திரத்துக்கு. அங்கே நாற்காலிகள் இருந்தன. வந்தவர்களை வணங்கி, உட்காரச் சொல்லி, பாட்டுப் போட்டு, அப்புறம் மின்சாரத்தைத் திறந்துவிட்டு வேலையை ஆரம்பித்தால் பொருத்தமாக இருந்தது. இந்த மொத்தச் சடங்குக்கும் "தொடங்கு" என்று பெயர். பிறகு அதே கிளாஸை லிஃப்டுக்கு அப்பன் ஆக்கினார்கள். கதவுக்கு ஆக்கினார்கள். கை உலர்த்தும் இயந்திரத்துக்கு ஆக்கினார்கள். எல்லாப் பிள்ளைகளும் உட்காரச் சொல்லின. கழிவறைக்கு எழுதியது ஒன்றுதான் இன்றுவரை புகாரே வராதது.

"மாத்த முடியாதாண்ணா?"

"பேஷா முடியும். பிள்ளை கிளாஸ்ல அதே பேர்ல, 'தொடங்கு'ன்னே இன்னொண்ணு எழுது. அப்பனோடது ஒதுங்கிக்கும், பிள்ளையோடது ஓடும். மூணு வரி போதும்."

"அப்புறம் ஏன் நீங்க எழுதலை?"

லிஃப்ட்காரர் இப்போது திரும்பினார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வியாதியின் பெயரைச் சொல்வது போல் சொன்னார்: "அதுக்குப் பேரு ஓவர்ரைடு."

அன்று சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொன்னபோது அக்கா சிரிப்பாள் என்று புதுசு எதிர்பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை. திருத்திக்கொண்டிருந்த வண்ணப் படங்களை ஓரமாக வைத்தாள்.

"உட்காருங்கன்னா உட்கார்ந்துடுவாங்கடி."

"யாரு?"

"என் பசங்க. பள்ளிக்கூடம் திறந்த நாள்லேர்ந்து அதுக்குத்தானே தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கேன்? இப்பத்தான், இந்த மாசம்தான், உட்காருன்னா உட்கார்றாங்க. தீப்பிடிச்சா ஓடுன்னு இன்னும் சொல்லித் தரலை. உன் மணி உட்காருன்னு சொன்னா, கையைக் கட்டி, வாயில விரலை வச்சு, அழகா உட்கார்ந்திருப்பாங்க. நீ வந்து பார்த்துக்கோ."

"நான் மாத்திடறேன்கா. மூணு வரிதான்."

"மூணு வரிதானே? மூணு தோசை ஊத்தறேன், அதுக்குள்ள எழுதிட்டு வா."

புதுசு மறுநாள் அந்த மூன்று வரியை எழுதினாள். முதல் வரியில் மின்சாரத்தைத் திற. இரண்டாவதில் முழுச் சத்தத்தில் சங்கு ஊது. மூன்றாவதில் சிவப்பு விளக்கைச் சுழற்று. எழுதிச் சேமிக்கப் போனால் திரையில் ஒரு பெட்டி முளைத்தது: "அப்பனை மீற முயல்கிறீர்கள். ஓவர்ரைடு அனுமதிக் குழுவைச் சந்திக்கவும்."

குழுவில் மூன்று பேர். தலைவர் பெரியப்பா. செயலாளரை அலுவலகம் அத்தை என்றது. கண்டிப்பிலும் சரி, எதிலும் குறை கண்டுபிடிப்பதிலும் சரி, அந்த முறை அவருக்கு மிகவும் பொருந்தியது. மூன்றாமவர் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர். வேறு வீட்டு ஆள் என்பதால் சம்பந்தி.

"என்ன கேக்குற?" என்றார் அத்தை.

"நர்சரிமணிக்கு ஒரு ஓவர்ரைடு வேணும்."

 பெரியப்பா கோபப்படவில்லை. அவர் வருத்தப்பட்டார். அது இன்னும் கொடுமையாக இருந்தது.

"அம்மா, பிள்ளைன்னா என்ன? அப்பன் மூக்கை வாங்கிக்கும், அப்பன் காதை வாங்கிக்கும். வாங்கிக்கிட்டு, இந்த மூக்குல நான் என் இஷ்டத்துக்குத்தான் மூச்சு விடுவேன்னா அது பிள்ளையா? ஓவர்ரைடு கேக்கறவன் எவனும் அப்பனை முழுசா படிச்சதில்லை. சோம்பேறி. படிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு எழுதக் கிளம்பிடறான்."

"தீப்பிடிக்கும்போது உட்காரச் சொல்லலாமா பெரியப்பா?"

"தீப்பிடிச்சா ஜனங்க என்ன ஆவாங்க? பதறுவாங்க. பதறுறவங்ககிட்ட நாம என்ன சொல்லுவோம்? முதல்ல உட்காருங்கன்னு சொல்லுவோம். அதையும் யோசிச்சுத்தான் எழுதியிருக்கேன்."

டோக்கன் இயந்திரத்துக்கு எழுதும்போதே நர்சரித் தீயை யோசித்துவிட்ட மனிதரைப் புதுசு வாய் பிளந்து பார்த்தாள்.

"வேணும்னா சின்ன சைஸ் ஸ்டூல் சேர்த்து அனுப்பலாம்," என்றார் சம்பந்தி. "கலர் கலரா இருக்கு."

"இந்தக் குழு ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு ஓவர்ரைடுக்குக்கூட அனுமதி கொடுத்ததில்லை," என்றார் அத்தை. "அதுதான் எங்க சாதனை. அதுக்காகத்தான் எங்களுக்குப் போன வருஷம் கேடயம் கொடுத்தாங்க. இப்ப உன் மணிக்காக அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்றியா?"

கேடயம் அலமாரியில் இருந்தது. கேட்ட ஓவர்ரைடை எல்லாம் தடுத்ததற்காகத்தானோ என்னவோ, அது கேடய வடிவத்திலேயே இருந்தது.

ஆனாலும் குழு கல் நெஞ்சக் குழு அல்ல. ஒரு வழி சொன்னார்கள். "தொடங்கு"வைத் தொட வேண்டாம். வேறு பெயரில் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளட்டும். அப்பனிடம் இல்லாத பெயர் என்றால் அப்பனுக்கு அவமானமும் இல்லை.

புதுசு "உடனேஅடி" என்று ஒன்று எழுதினாள். காகிதத்தைக் கொளுத்தினாள். மணி தொண்டையைக் கனைத்து, வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்னது.

"ஏம்மா, கூப்பிடறவங்க எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க?" என்றார் லிஃப்ட்காரர். "கட்டடத்துல இருக்கற கட்டுப்பாட்டுப் பலகைக்கு இது மணியா, லிஃப்டா, கதவான்னு எதுவும் தெரியாது. எல்லாம் அதுக்கு இயந்திரம்தான். எல்லாரையும் 'தொடங்கு'ன்னுதான் கூப்பிடும். யார் யாரு தங்கிட்ட 'தொடங்கு' வச்சிருக்காங்களோ அவங்கவங்களோடது ஓடும். இல்லாதவங்களுக்கு அப்பனோடது ஓடும். நீ பாட்டுக்கு 'உடனேஅடி'ன்னு பேர் வச்சா, அது ஆயுசுக்கும் யாரும் கூப்பிடாம மூலையில உட்கார்ந்திருக்கும்."

"அப்ப அதே பேர்லதான் எழுதணுமா?"

"அதே பேர்ல எழுதினாத்தான் பேரு ஓவர்ரைடு. வேற பேர்ல எழுதினா அது வெறும் ஆசை."

மறுபடி குழு. இந்தத் தடவை பெரியப்பா தாராளமாக இருந்தார். அன்று காலை அவருக்கு எங்கேயோ சால்வை போர்த்தியிருந்தார்கள்.

"சரி, அதே பேர்ல எழுதிக்கோ. ஆனா உன்னோடதுக்குள்ள அப்பனைக் கூப்பிட்டாகணும். ஒரே ஒரு வரி. 'அப்பா, நீங்களும் தொடங்குங்க'ன்னு. அந்த மரியாதைகூட இல்லைன்னா எப்படி?"

"எந்த இடத்துல கூப்பிடணும்? முன்னாடியா, பின்னாடியா?"

இதை அவர் யோசிக்கவில்லை. உலகத்தில் யோசிக்க மிச்சம் இருந்த ஒரே விஷயம் அது. மத்தியானச் சாப்பாடு ஆறும் வரை விவாதித்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் என்று முடிவு செய்தார்கள். அதை ஓவர்ரைடு என்று எழுதிக்கொள்ள அத்தைக்குக் கை வரவில்லை. "மரியாதையுடன் கூடிய கூடுதல்" என்று எழுதிக்கொண்டார். கேடயம் தப்பியது.

புதுசு தன் மூன்று வரியை முன்னால் வைத்து, அப்பனைக் கூப்பிடுவதைக் கடைசியில் வைத்தாள். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"முதல்ல மணி அடிச்சிடும்கா."

"அப்புறம்?"

"பசங்க எழுந்து வெளிய போயிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அது பாட்டுக்கு வணக்கம் சொல்லும். உட்காரச் சொல்லும். சொல்லிட்டுப் போகட்டுமே, அங்கதான் யாரும் இருக்க மாட்டாங்களே?"

அக்கா தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ நாலு வயசுப் பிள்ளை செருப்பு மாட்டிப் பார்த்திருக்கியாடி? இடது எது வலது எதுன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள உன் மணி கச்சேரியே முடிச்சிடும்."

நர்சரியில் வெள்ளோட்டம் ஏற்பாடாயிற்று. பெரியப்பா நேரிலேயே வந்தார். குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருக்க, சுவரில் மணி மாட்டியிருக்க, பெரியப்பா குழந்தைகளிடம் பரம்பரையின் பெருமையைப் பற்றிப் பேசினார். ஒரு பையன் தூங்கிவிட்டான். தலைமை ஆசிரியை பின்வரிசையில் கொட்டாவியை உள்ளங்கையில் மறைத்தார். மூலையில் ஒரு தகர டப்பாவில் ஈர அட்டைகளைப் போட்டுக் கொளுத்தினார்கள். ஈர அட்டை கொடுக்கும் புகையை யாரும் சரியாகக் கணக்குப் போடவில்லை. அது சுருள் சுருளாக எழுந்து அறையில் பாதியை விழுங்கியது.

மணி முழுச் சத்தத்தில் ஊதியது. சிவப்பு விளக்கு சுழன்றது. குழந்தைகள் எழுந்தார்கள். அக்கா சொன்னபடி வரிசையில் நின்றார்கள். வாசலை நோக்கி நடந்தார்கள். செருப்பைப் போட ஆரம்பித்தார்கள். புதுசுக்கு மூச்சு வந்தது.

அப்போது மணி தொண்டையைக் கனைத்தது.

"வணக்கம்."

"வணக்கம்!" என்றார்கள் எல்லாக் குழந்தைகளும் ஒரே குரலில்.

"எங்கள் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தயவுசெய்து அமருங்கள்."

வாசலை அடைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். கையைக் கட்டினார்கள். வாயில் விரலை வைத்தார்கள். பள்ளிக்கூடத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு ஒழுங்காக அவர்கள் உட்கார்ந்ததில்லை.

பெரியப்பா அறையின் உள்பக்கம் இருந்தார். இருமினார். மறுபடி இருமினார். குழந்தைகளைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைக்கப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்திருந்த ரெட்டைச் சடைப் பெண் அவர் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், உட்காரச் சொல்லியிருக்காங்க."

"அது நான் சொன்னதுதாம்மா. என் குரல்தான். நகரு."

"நீங்க சொன்னதா?" அந்தப் பெண் யோசித்தாள். "அப்ப நீங்களே ஏன் உட்காரலை?"

இதற்குப் பெரியப்பாவிடம் எந்த மெத்தடும் இல்லை. அவர் அருகிலிருந்த குழந்தை நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புல்லாங்குழல் வாசித்தது. உங்கள் முறை வரும்போது அழைக்கப்படுவீர்கள் என்று அவர் குரலே அவருக்கு உறுதி கொடுத்தது.

"எல்லாரும் எழுந்திரிங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் குழந்தைகள் எழுந்து ஓடினார்கள். டீச்சர் குரல் என்பதால் பெரியப்பாவும் எழுந்தார். கூடவே நாற்காலியும் எழுந்தது. அக்கா டப்பாவை இடுக்கியால் பிடித்துத் தூக்கிப்போய்க் குழாயடியில் வைத்தாள்.

முற்றத்தில் நாற்காலியிலிருந்து விடுவிக்கப்பட்ட பெரியப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு உரையாற்றினார்.

"பார்த்தீங்களா? ஒரு பிள்ளைகூடப் பதறலை."

"பதறினாத்தானே சார் ஓடுவாங்க?" என்றாள் அக்கா.

"கோளாறு எங்க வந்துச்சு தெரியுமா? மணி முதல்ல அடிச்சதுதான் கோளாறு. அப்பன் பேசறதுக்கு முன்னாடி பிள்ளை பேசினதால வந்த குழப்பம் இது." புதுசின் பக்கம் திரும்பினார். "அந்த மூணு வரியையும் எடுத்துடு. நர்சரிமணி அப்பன் சொன்னபடியே நடக்கட்டும். அடுத்த வாரம் இங்க மாட்டி இணைப்புக் கொடுத்துடலாம். யாருக்காவது சந்தேகம் இருந்தா சொல்லுங்க, இதே மணியில ஒண்ணை நாளைக்கே என் அறை வாசல்ல மாட்டச் சொல்றேன். எனக்கு என் எழுத்து மேல நம்பிக்கை இருக்கு. ஓவர்ரைடு பயந்தாங்கொள்ளிகளுக்கு!"

சம்பந்தி மட்டும் கைதட்டினார். அவருக்குத் தலைமை ஆசிரியை ஸ்டூல் வாங்குவதாகச் சொல்லியிருந்தார்.

இருவரும் வீடு திரும்பினார்கள். படியேறும்போது அக்கா சொன்னாள்: "அது அப்படியே வந்து மாட்டினா, நான் அது வாயில துணியை அடைச்சுடுவேன். அடைச்சா மணியும் அடிக்காது. அப்புறம் தீயே பிடிக்காம இருக்கணும்னு வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். நானும் உட்காரணும், பாரு."

புதுசு மூன்று வரியையும், அப்பனைக் கூப்பிடும் வரியையும் எடுத்து நர்சரிமணியைக் காலியாக்கினாள். "அறைமணி, இயந்திரத்தின் பிள்ளை" என்று இன்னொரு கிளாஸ் எழுதினாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் வாரிசு. பெரியப்பாவின் அறை வாசலில் மணி ஏறியது. அலுவலகமே வந்து பார்த்தது. பெரியப்பா அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

வாரக் கடைசியில் கட்டடத்தின் எல்லா இயந்திரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். கட்டுப்பாட்டுப் பலகை வழக்கம்போல் எல்லோரையும் "தொடங்கு, தொடங்கு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனது. கதவு வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னது. லிஃப்ட் சொன்னது. காபி இயந்திரம் சொன்னது. அங்கே பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு "அமருங்கள்" வரும்போதும் முழங்கால் தானாகக் கொஞ்சம் மடங்கும். கடைசியில் முறை பெரியப்பாவின் அறை வாசலுக்கு வந்தது. எல்லா முழங்கால்களும் தயாராக இருந்தன.

முழுச் சத்தத்தில் சங்கு ஊதியது. சிவப்பு விளக்கு சுழன்றது. அவ்வளவுதான், நின்றது.

வணக்கம் இல்லை. நன்றி இல்லை. புல்லாங்குழல் இல்லை.

எல்லோரும் அவரவர் திரையை உற்றுப் பார்த்தார்கள். அத்தைக்குத் திடீரென்று மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பெரியப்பாவின் அறைக்கதவு உள்ளேயிருந்து மெதுவாகச் சாத்திக்கொண்டது.

புதுசு அறைமணியைத் திறந்து பார்த்தாள். அவள் காலியாக விட்டிருந்த இடத்தில் ஒரு "தொடங்கு" இருந்தது. மின்சாரத்தைத் திற, முழுச் சத்தத்தில் சங்கு ஊது, சிவப்பு விளக்கைச் சுழற்று. அவளுடைய வரிகளேதான், எழுத்துப் பிசகாமல். அப்பனைக் கூப்பிடும் வரியை மட்டும் காணோம். அனுமதி? அனுமதி கேட்டால் அது குழுத் தலைவருக்குத்தான் போகும். தலைவர் தன்னிடம் தானே கேட்டு, தனக்குத் தானே மனமிரங்கிக் கொடுத்திருந்தார்.

"அண்ணா, இங்க வாங்களேன்."

லிஃப்ட்காரர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி ஜன்னலைப் பார்த்தார். "அழகா எழுதியிருக்காரு."

"நர்சரிமணிக்கும் இதையே எழுதிடவா?"

"எழுதினா பெட்டி முளைக்கும். குழு கூடும்."

புதுசு நகத்தைக் கடித்தாள். அந்த அலுவலகத்தில் மாற்றுவதற்குத்தான் அனுமதி வேண்டும். வாங்கிக்கொள்வதற்கு வேண்டாம். வாங்கிக்கொள்ளத்தானே எல்லோரும் வந்திருந்தார்கள். அவள் நர்சரிமணியைத் திறந்தாள். "நர்சரிமணி, இயந்திரத்தின் பிள்ளை" என்று இருந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். "நர்சரிமணி, அறைமணியின் பிள்ளை."

சேமித்தாள். எந்தப் பெட்டியும் முளைக்கவில்லை.

அடுத்த வாரம் நர்சரியில் மணியை மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். புதுசு அலுவலகத்தில் கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பலகை "தொடங்கு" என்றிருக்கும். நர்சரிமணியிடம் சொந்தமாக இல்லை. அப்பன் அறைமணியிடம் இருந்தது. அது ஓடியது. தாத்தா இயந்திரத்திடம் யாரும் போய்க் கேட்கவே இல்லை. கைப்பேசியில் ஒரே இரைச்சல், சின்னக் கால்கள் தடதடக்கும் சத்தம், கத்தல், சிரிப்பு.

"அக்கா? உட்கார்ந்தாங்களா?"

"எங்கடி உட்கார! எல்லாம் மரத்தடியில நிக்குது. ஒண்ணுகூட செருப்பு மாட்டலை." அக்கா யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு வந்தாள். "மூணு தோசைன்னு சொன்னேன். நீ எழுதி முடிக்கறதுக்குள்ள மாவே தீர்ந்துபோச்சு, போ. சாயங்காலம் சீக்கிரம் வா."

செய்தி மத்தியானத்துக்குள் அத்தையின் காதுக்குப் போனது. குழு கூடியது. புதுசு நிற்க வைக்கப்பட்டாள்.

"உன் மணி வணக்கம் சொல்லலையாம். தலைமை ஆசிரியை ஸ்டூலையும் வேணாம்னுட்டாங்களாம்," என்றார் அத்தை. சம்பந்தி துக்க வீட்டில் தலையாட்டுவது போல் ஆட்டினார். "ஓவர்ரைடு பண்ணினியா?"

"இல்லை அத்தை. ஒரு எழுத்துகூட எழுதலை. திறந்து பாருங்க, உள்ள காலிதான்."

திறந்து பார்த்தார்கள். காலிதான்.

"அப்ப அந்த 'தொடங்கு' எங்கேர்ந்து வந்துச்சு?"

"அப்பன்கிட்டேர்ந்து. அப்படியே வாங்கிக்கிட்டேன்."

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? இதைத்தான் நான் முதல் நாள்லேர்ந்து..." என்று ஆரம்பித்தவர், திரையில் இருந்த அப்பன் பெயரைப் படித்தார். வாக்கியம் பாதியில் நின்றது. 

"அறைமணியா?" என்றார் சம்பந்தி. "அது யாரோட அறை?"

 அத்தை பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"அப்ப நம்ம இயந்திரம் இந்த மணிக்கு என்ன முறை ஆகுது?" என்றார் சம்பந்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

"தாத்தா முறை," என்றாள் புதுசு.

பெரியப்பா திரையை அணைத்தார். பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "பரம்பரை முறைப்படிதான் நடந்திருக்கு. குற்றம் ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்க."

அத்தை எழுதினார். சாதனையும் கேடயமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அத்தையும் சம்பந்தியும் எழுந்து போனார்கள். புதுசும் திரும்பினாள்.

"அம்மா, ஒரு நிமிஷம்."

பெரியப்பா கதவைச் சாத்தினார். சாத்திய கதவை ஒரு தடவை திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்தினார்.

"என் வீடு மேல் மாடியில இருக்கு. நம்ம லிஃப்ட்தான். தினம் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் புல்லாங்குழல் முடியற வரைக்கும் நிக்க வேண்டியிருக்கு. ஸ்டூலை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க." குரலைத் தணித்தார். "அந்த லிஃப்டையும் அறைமணிக்குப் பிள்ளையாக்கிடேன்."

"பெரியப்பா, அது மணியோட 'தொடங்கு' ஆச்சே. லிஃப்ட்லயும் சங்கும் சிவப்பு விளக்கும் இருக்கு. நீங்க ஏறும்போதெல்லாம் ஊருக்கே கேட்கற மாதிரி ஊதும், விளக்கு சுத்தும்."

"ஊதினா ஊதட்டும்மா," என்றார் பெரியப்பா. "உட்காரச் சொல்லாம இருந்தா போதும்."